வர்ணத்தால் எழுதியதை வர்ணத்தால் எழுதுக

யுத்த தாங்கிகளின் சிறு மொடல்களைச் செய்து மகிழ்வோர் எம் பழைய மாணவரிடையேயும் இன்றைய மாணவரிடையேயும் சிலர் உளர். விழா மலரில் இதற்கும் இடமுண்டோ என வினவும் பெரியோர் பொறுத்தருள்க. இக்கலையில் ஈடுபட்டோரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. தாங்கியின் மேலுள்ள இலக்கங்களையும் சின்னங்களையும், பெட்டியுடன் வரும் டெக்கால் என்னும் நீரொட்டுப் படத்தைக் கொண்டு ஒட்டுவதா, அன்றி மறைப்புத்தாள் பதித்து எயர்பிறஷ் என்னும் காற்றுத் தூரிகையால் வர்ணம் விசிறி எழுதுவதா என்பதே அவ்வழக்கு. மறைப்புத்தாள் என்பது எழுத்தின் வடிவம் வெட்டி நீக்கப்பட்ட மெல்லிய ஒட்டுத்தாள். வர்ணம் விசிறியபின் தாளை உரித்தால் எழுத்து நிற்கும். நாம் இத்தாளின் பக்கம் நிற்பவர்கள். உண்மைத் தாங்கியின் மேல் இருந்தது வர்ணமேயன்றி ஒட்டிய படமன்று என்பது எமது முதற் காரணம்.

இங்கிலாந்தில் பொவிங்ரன் என்னுமிடத்துத் தாங்கி அரும்பொருட்சாலையில், 131 என்னும் இலக்கமுடைய ஜேர்மன் ரைகர் தாங்கி ஒன்று இன்றும் பேணப்படுகின்றது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் அது பிரித்தானியப் படையினர் கைப்பட்டது. எதிரியின் குண்டு தாக்கிப் பீரங்கிக் கோபுரம் சுழலாது இறுகிப் போகவே, உள்ளிருந்தோர் அதனைக் கைவிட்டு வெளியேறினர். அவ்விலக்கம் வெறும் அலங்காரமன்று. முதலிலுள்ள 1 கொம்பனியையும், 3 அக்கொம்பனியின் மூன்றாம் பிளற்றூனையும், ஈற்றிலுள்ள 1 அப்பிளற்றூனின் முதல் வண்டியையும் குறிப்பன. அம்மூன்று எண்களையும் எழுதும்வரை எம் மேசை மீதிருப்பது ஏதோ ஒரு ரைகர். எழுதியபின் அது, அன்று அம்மனிதர் இறங்கி ஓடிய அந்த வண்டி.

யுத்தத்தைக் கண்ணாற் கண்ட எம்மவர்க்கு யுத்த தாங்கியின் உருவம் எதற்கு எனக் கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. எந்த வண்டி, எந்தக் களம், உள்ளே இருந்தோர்க்கு நேர்ந்தது யாது என்பவற்றைத் தேடி அறிந்து செய்யப்படும் மொடல், யுத்தத்தை விளையாட்டாக்குவதில்லை என்பது எமது விடை. ஆயின் அவ்விடை செல்லுபடியாக வேண்டுமானால் இலக்கத்தில் அசிரத்தை காட்டலாகாது.

நீரொட்டுப் படத்தின் குறை அதன் படலத்திலே உள்ளது. தாங்கியின் பூச்சு மங்கலானது, நுண்ணிய சொரசொரப்புடையது. அதன்மேற் படலம் முழுதும் படியாது காற்று சிக்கிக்கொள்ள, எழுத்தைச் சூழ வெள்ளி போன்ற மினுக்கம் தோன்றும். இதனைத் தவிர்க்க முதலிற் பளபளப்புப் பூச்சு, பின்னர் படலத்தை இளக்கும் திரவம், ஈற்றில் மீண்டும் மங்கற் பூச்சு என மூன்று வேலைகள் வேண்டும். படலத்தின் தடிப்போ மறைவதில்லை. அது மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்கே எனக் கொண்டாலும், 35இல் ஒரு பங்கு அளவான மொடலில், உண்மைத் தாங்கியின் மேல் 0.7 மில்லிமீற்றர்த் தகடொன்றை அறைந்தமைக்கு ஒப்பாகும். மேலும், உண்மை இலக்கம் வெயிலிலும் மணலிலும் தாங்கியின் பூச்சோடு சேர்ந்தே தேய்ந்தது. வர்ணத்தை அவ்வாறு தேய்க்கலாம். படலத்தைத் தேய்த்தால் கிழியும்.

131ஐயே எடுத்துக்கொள்வோம். சிவப்பு இலக்கம், சுற்றிலும் வெள்ளைக் கரை. எனவே இரண்டு தாள்கள் வேண்டும். அகன்ற வடிவத்தால் வெள்ளையை விசிறி, அது உலர்ந்தபின் ஒடுங்கிய வடிவத்தை மேலே பதித்துச் சிவப்பை விசிறுதல் வேண்டும். இரண்டாந் தாள் மயிரிழை விலகினும் கரை ஒருபுறம் தடித்து மறுபுறம் மறைந்துவிடும். பலர் அறியாத உபாயம் ஒன்றுண்டு. தாளின் ஓரங்களை அழுத்திப் படிய வைத்தபின், முதலில் தாங்கியின் அடிநிறத்தையே அதன்மேல் மெல்ல விசிறுக. ஓரத்தின் கீழ்க் கசியக்கூடிய இடங்களை அந்நிறமே அடைத்துவிடும். பின்வரும் வெள்ளை உட்புகாது. காற்றின் அமுக்கம் குறைவாக இருத்தல் வேண்டும்; தூரிகை சாய்வாகவன்றி நேராக நோக்குதல் வேண்டும். அவசரத்தில் ஒரேமுறை தடிப்பாக விசிறினால் வர்ணம் ஓரத்தில் வரம்பு கட்டிக்கொள்ளும். படலத்துக்கு எதிராக நாம் போட்ட கணக்கு அப்போது எமக்கு எதிராகவே திரும்பும்.

மறைப்புத்தாள் எழுத்தை மிகவும் கூரியதாக்கிவிடுகின்றது என்னும் ஆட்சேபத்தில் உண்மை உண்டு. சோவியத் தாங்கிகளிற் படைவீரர் தூரிகை பிடித்துத் தம் கையால் எழுதிய சுலோகங்கள் பல. அவற்றைத் தாளால் எழுதுவது பொய். அங்கு மொடல் செய்பவனும் தூரிகையைக் கையில் எடுக்கவேண்டும். 1944இல் நோர்மண்டியில் இறங்கிய அமெரிக்கத் தாங்கிகளின் வெள்ளை நட்சத்திரமோ வேறு வகை. அதனைச் சூழ்ந்த வட்டம் பலவற்றில் இடையிடையே அறுந்திருக்கும். வெட்டுத் தகட்டைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புகள் மறைத்த இடங்களே அவை. அவ்வெட்டுத் தகடு எமது மறைப்புத்தாளின் மூத்த உறவன்றி வேறென்ன? அவ்விடைவெளிகளைப் பிழையென எண்ணி நிரப்பிவிடும் நண்பர்களைக் கண்டு நாம் வருந்தியதுண்டு.

இலக்கம் வெட்டிய தாள்களை விலைக்கு வாங்க இயலாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. சாதாரண மறைப்பு நாடாவும் கூரிய அலகும் போதும். 131இல் மூடிய வெளி எதுவும் இல்லை. தொடங்குவோர்க்கு அது நல்ல இலக்கம். 8, 6, 0 என்பவற்றில் நடுத்துண்டை அதன் இடம் தவறாது பதிப்பதிலேதான் கைத்திறன் சோதிக்கப்படும். எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையும்போது வெட்டும் அலகும் எம் கண்ணும் ஒருங்கே தோற்றுவிடுகின்றன. அங்கு நாமும் நீரொட்டுப் படத்தையே நாடுகின்றோம்; அதில் எமக்கு வெட்கமுமில்லை.