ரொக்கத்துக்கு ஏன் இந்த அவசரக் கருமாதி?

"இன்னுமா பர்ஸ் வச்சிருக்கீங்க?" என்ற கேள்வியில் இப்போதெல்லாம் கிண்டல்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருக்கிறது. டீக்கடையிலிருந்து நகைக்கடை வரை ஸ்கேன் செய்தால் முடிந்தது. செலவு கிடையாது, திருட்டுப் பயம் கிடையாது, கணக்கு தானாகப் பதிவாகிறது, சிறு வியாபாரிக்கும் இதுதான் விடிவு. இத்தனைக்குப் பிறகும் ரொக்கம் கேட்பவர் ஒன்று பழைய காலத்து ஆள், இல்லையென்றால் வரி ஏய்ப்பவர். தொலைக்காட்சி விவாதத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஓடுவது இந்த வாதம்தான். இதில் பாதி சரி. அந்தப் பாதியின் தோளில் ஏறிக்கொண்டு மீதிப் பாதியும் கேள்வி இல்லாமல் உள்ளே வந்துவிடுவதுதான் சிக்கல்.

சரியான பாதியை மறுக்கப் போவதில்லை. யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு அறிவித்த பணமதிப்பிழப்பு மக்களை அதன் பக்கம் தள்ளியது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும், நள்ளிரவிலும், சில நொடிகளில் பணம் போகிறது. மீதிச் சில்லறைக்குப் பதில் இரண்டு சாக்லேட்டைக் கையில் திணிக்கும் மளிகைக்கடை வழக்கம் ஒழிந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்துப் பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் 'இலவசம்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ-யில் பணம் வாங்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது அரசின் உத்தரவு. கட்டணம்தான் போனதே தவிர செலவு போகவில்லை. சர்வர், பாதுகாப்பு, வாடிக்கையாளர் சேவை என்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் யாரோ செலவழிக்கிறார்கள். சிறு தொகைப் பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க 2024-25க்கு மட்டும் மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது வரிப்பணம். செயலியே வைத்திராதவர் வாங்கும் சோப்பின் ஜிஎஸ்டியும் அதில் சேர்ந்திருக்கிறது. யாராவது ஒருவர் இந்தச் செலவைச் சுமந்துதான் ஆக வேண்டும் என்ற பொருளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவே 2025இல் பேசிவிட்டார். பணம் வந்ததை அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸுக்குக் கடைக்காரர் மாத வாடகை கட்டுவது தனிக்கதை.

ரொக்கம் மட்டும் இலவசமா என்று கேட்கலாம். இல்லைதான். 2024-25இல் நோட்டு அச்சிட மட்டும் ரிசர்வ் வங்கிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் ஆனது. இரண்டுக்கும் செலவு உண்டு என்று ஒப்புக்கொண்டால் பேச்சு நேராகிவிடும். ஒன்றைச் சுமை என்றும் மற்றதை வரம் என்றும் சொல்வதுதான் கணக்கில் உதைக்கிறது. இன்னொன்று: யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு இரண்டே செயலிகள் வழியாக நடக்கின்றன. எந்தச் செயலிக்கும் 30 சதவீதத்துக்கு மேல் பங்கு கூடாது என்று 2020இல் விதி போட்டார்கள். அதை நடைமுறைப்படுத்தும் கெடு இப்போது 2026 டிசம்பர் வரை தள்ளிப்போயிருக்கிறது. இரண்டு பேர் கையில் சந்தை இருக்கும்போது 'எப்போதும் இலவசம்' என்ற நம்பிக்கையை நான் வைக்க மாட்டேன்.

அடுத்து, சிறு வியாபாரிக்கு விடிவு என்ற வாதம். இதைத்தான் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவின் கூடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது. அது அவர் மகனின் கணக்கு. முழம் மல்லிக்குப் பணம் போட்டால், பக்கத்தில் இருக்கும் பெட்டி தமிழில் தொகையைச் சொல்கிறது. பூ கைமாறுகிறது, காசு அவர் கைக்கு வருவதில்லை. "எவ்ளோ வந்துச்சுன்னு அந்தப் பொட்டி சொல்லுது தம்பி. காசு எங்கன்னு எம்புள்ளயத்தான் கேக்கணும்" என்கிறார். சாயங்காலம் தண்டல்காரர் வந்து நிற்பார். அவருக்கு நோட்டாகத்தான் வேண்டும். மறுநாள் விடியற்காலையில் பூ எடுக்கவும் கையில் காசு வேண்டும். மகன் பணம் எடுத்துத் தந்தால் உண்டு, வேலையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். முன்பு சுருக்குப்பையில் கிடந்த அன்றாட வருமானம் அவருடையதாக இருந்தது. இப்போது அது கேட்டு வாங்க வேண்டிய பணமாகிவிட்டது.

பதிவு இருந்தால் வங்கிக்கடன் கிடைக்குமே என்பார்கள். 2020இல் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிகளுக்குக் கடனும், டிஜிட்டலில் பணம் வாங்கினால் கேஷ்பேக்கும் உண்டுதான். இந்த அம்மா விற்ற பூவுக்கான பதிவெல்லாம் மகன் பெயரில் அல்லவா சேர்கிறது?

அந்தப் பதிவு என்னவெல்லாம் செய்யும் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். 2023இல் அங்கே பல சிறு வியாபாரிகளின் கணக்குகள் திடீரென முடக்கப்பட்டன. நடப்பது இப்படி: ஏதோ ஒரு மாநிலத்தில் ஒருவர் ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்து புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் நாலைந்து கணக்குகள் மாறி, கடைசியில் யாரோ ஒருவர் அதிலிருந்து சாப்பாட்டுக்கோ காய்கறிக்கோ சில நூறு ரூபாய் கொடுத்திருப்பார். போலீஸ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே வரும், வங்கி ஒவ்வொரு கணக்கையும் பூட்டும். சாப்பாடு விற்றவரின் முழுக் கணக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் உட்பட, உள்ளே மாட்டிக்கொள்ளும். புகார் வெளிமாநிலத்தில் இருப்பதால் யாரைப் போய்ப் பார்ப்பது என்றுகூடத் தெரியாது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ரொக்கத்தில் இந்த வம்பு இல்லை. திருடன் கொடுத்த நூறு ரூபாய் நோட்டுக்காகக் கல்லாப்பெட்டி முழுவதையும் யாரும் சீல் வைப்பதில்லை.

இங்கேதான் 'மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்' என்ற பேச்சு வரும். கர்நாடகத்தில் 2025 ஜூலையில் நடந்ததை அப்படிப் பேசுபவர்களுக்கு நினைவூட்டலாம். யுபிஐ வரவுகளை வைத்து அம்மாநில வணிகவரித் துறை சிறுகடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு, நான்கு ஆண்டு வரவு 1.63 கோடி என்று கணக்கிட்டு, 29 லட்சம் கட்டச் சொன்னார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் சரக்கு விற்றால் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி தப்பில்லை. ஆனால் போனில் விழுவதெல்லாம் விற்பனையா? மச்சான் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம் எல்லாம் அதே எண்ணுக்குத்தான் வருகின்றன. பெங்களூருவில் கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின. முதல்வர் சித்தராமையா தலையிட்டு, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று சொன்ன பிறகே கொதிப்பு அடங்கியது. ஒளிக்க எதுவும் இல்லாதவர்களும் தங்கள் கணக்கை அடுத்தவர் எப்படிப் படிப்பார் என்று பயப்படக் காரணம் இருக்கிறது.

திருட்டுப் பயம் இல்லை என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிக்பாக்கெட்காரன் பையில் இருப்பதை மட்டும்தான் எடுக்க முடியும், போன் வழியாக வருபவன் சேமிப்பு முழுவதையும் தொட முடியும். ஏமாந்து நாமே பின் நம்பரைப் போட்டுவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது குதிரைக் கொம்பு. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. சம்பளக் கணக்கை இணைக்காமல், சில ஆயிரம் மட்டும் வைத்த தனிக் கணக்கை இணைப்பது அதைவிட நல்லது. 'பணம் போயிடுச்சு, கடைக்கு வரல' என்ற வழக்கமான தொல்லைக்கு வேறு விதி இருக்கிறது. கடைக்குச் செலுத்திய பணம் தோல்வியடைந்து ஐந்து நாளுக்குள் திரும்பாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதுவும் கேட்காமலே. 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. எந்த விளம்பரத்திலாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா?

எப்போதும் வேலை செய்யும் என்ற நம்பிக்கைக்கு 2025 ஏப்ரல் 12 பதில் சொன்னது. அன்று சனிக்கிழமை பகலில் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. மூன்றே வாரத்துக்குள் அது மூன்றாவது முறை. பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கிகள் திரும்பத் திரும்பக் கேட்டதே அமைப்பைத் திணறடித்தது என்று யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ விளக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தென்சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. பால் பாக்கெட் வாங்க நோட்டுதான் வேண்டியிருந்தது. வெள்ள நிவாரணம் ஆறாயிரம் ரூபாயைத் தமிழக அரசு ரேஷன் கடை வழியாக ரொக்கமாகவே கொடுத்தது. ரொக்கமில்லாப் பொருளாதாரத்துக்கு உதாரணமாகக் காட்டப்படும் சுவீடன், 2024இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், ஒரு வாரத்துக்காவது ஆகும் பணத்தை நோட்டாக வைத்திருக்கும்படி சொல்கிறது.

ரொக்கம் எப்படியும் தானாக ஒழிந்துவிடும் என்பார்கள். பணமதிப்பிழப்புக்கு முன் புழக்கத்தில் இருந்தது சுமார் 17.7 லட்சம் கோடி. 2025 மார்ச் இறுதியில் 36 லட்சம் கோடிக்கு மேல். தானாக ஒழிவதற்கான அறிகுறி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒழிக்க முயல்வது தெரிகிறது. 2025 நவம்பர் 15இல் வந்த விதிப்படி, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் இருந்தால் நூறு ரூபாய் என்றால், அது இல்லாமல் யுபிஐ-யில் கட்டினால் நூற்றிருபத்தைந்து, ரொக்கமாகக் கட்டினால் இருநூறு. ஃபாஸ்டேக் இல்லாததற்கு அபராதம் என்றால் பின்னிரண்டு பேருக்கும் ஒரே தொகையாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த எழுபத்தைந்து ரூபாய் வித்தியாசம், நாட்டில் செல்லும் என்று அரசே உத்தரவாதம் தந்திருக்கும் நோட்டை அரசின் சாவடியிலேயே நீட்டியதற்கு.