தளர்ந்த கால்கள் சொல்லும் உண்மை

தொடரோட்டத்தில் இறுதிக் கோட்டைத் தொட்டவனைத் தோளில் தூக்கி ஆடுகிறோம். நடுவழியில் தளர்ந்தவனை யாரும் ஏசுவதில்லை. அது நம் பெருந்தன்மை. ஆனால், அவன் ஏன் தளர்ந்தான் என்று யாரும் கேட்பதும் இல்லை. அது நம் குறை. அந்தக் குறையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். சொல்லும் உரிமை எனக்கு உண்டு. சென்ற குளிர்காலத்தில் அவ்வாறு தளர்ந்தவன் நானே.

டில்லி ரிட்ஜ் மேட்டில் நம் விடுதி மாணவர்கள் ஓடிய தொடரோட்டம் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். அணிக்கு ஐவர், ஆளுக்கு நான்கு கிலோமீட்டர். சரளைக் கல் உருளும் காட்டுப் பாதை. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். நம் ஊரில் சீமைக் கருவேலம் என்று சபித்துக்கொண்டே வெட்டுகிறோமே, அதே முள்மரம் அங்கும் இருபுறமும் நின்றது. மூன்றாவது பங்கு என்னுடையது. இரண்டாம் இடத்தில் என் கைக்கு வந்த துண்டை ஆறாம் இடத்தில் அடுத்தவன் கையில் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, ஒருவருக்கும் தெரியாமல் அதே மேட்டில் ஏறி, இறக்கத்தில் பத்துப் பன்னிரண்டு முறை பாய்ந்து ஓடிப் பழகினேன். எல்லாரையும் வியக்கவைக்க வேண்டும் என்ற ஆசை! மறுநாள் விடுதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினேன். அன்றிரவு அணித் தலைவர், “என்ன தம்பி, கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். “நன்றாக இருக்கிறது, அண்ணா” என்றேன். அந்த ஒரு பொய்தான் எங்கள் அணியை வீழ்த்தியது.

இறக்கத்தில் ஓடுவது எளிது என்று எண்ணுகிறோம். மூச்சுக்கு எளிதுதான், தொடைக்கு அன்று. ஒவ்வோர் அடியிலும் உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்தும் வேலை தொடைத் தசைக்கு. அது நீண்டுகொண்டே இறுகுகிறது. அதனால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. வலி அன்றே தெரிவதில்லை. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடைகிறது. ஆகவே, நான் ஓடிய நாள் என் கால்கள் மிகவும் நலிந்திருந்த நாள். தளர்ந்த கால் போதிய அளவு உயர்வதில்லை. சிறு கல்லும் தடுக்கும். முதல் கிலோமீட்டரில் வீம்பாக ஓடினேன், மூன்றாவதில் நடந்தேன்.

அத்தோடு போயிருந்தால் கவலை இல்லை. நான் இழந்த நேரத்தை மீட்க வேண்டுமென்று நான்காம் பங்கை ஓடிய முதலாண்டுத் தம்பி தன் சக்திக்கு மீறி ஓடினான். சரளையில் சறுக்கி விழுந்தான். முழங்காலில் இரத்தம் வழிய வந்துதான் துண்டைக் கொடுத்தான். தனி ஓட்டத்தில் நம் வீம்பின் விலையை நாமே கொடுக்கிறோம். தொடரோட்டத்தில் அதை நமக்குப் பின்னால் ஓடுபவன் கொடுக்கிறான்.

பிறகு ஜப்பானியரின் ‘எக்கிடென்’ ஓட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். பழங்காலத்தில் அஞ்சல் நிலையம்தோறும் குதிரை மாற்றிச் செய்தி அனுப்பிய முறையிலிருந்து வந்த பெயர் அது. நாமும் அஞ்சலோட்டம் என்கிறோம், எவ்வளவு பொருத்தம்! அவற்றுள் புகழ்பெற்றது பல்கலைக் கழக மாணவர்கள் ஓடும் ஹக்கோனே ஓட்டம். 1920-இல் நான்கு கல்லூரிகளோடு தொடங்கியது. ஜனவரி 2, 3 ஆகிய நாட்களில் தோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலை ஏரிக்குச் சென்று திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 217 கிலோமீட்டர். பத்துப் பேர், ஒவ்வொருவருக்கும் 20 கிலோமீட்டருக்கு மேல். ஐந்தாம் பங்கு மலையேற்றம்; கடற்கரைச் சமவெளியிலிருந்து 870 மீட்டர் உயரத்தைத் தாண்டிச் செல்கிறது.

அங்கே கைமாறுவது கோல் அன்று. தோளில் குறுக்காக அணியும் துணிப்பட்டை. முன்னோடியவர்கள் அனைவரின் வியர்வையும் அதில் ஊறுகிறது. முதல் அணி கடந்தபின் குறித்த நேரத்துக்குள் பட்டை வந்து சேராவிட்டால், அடுத்தவனுக்கு வேறு பட்டை அணிவித்து அனுப்பிவிடுவார்கள். தோழனின் பட்டையைப் பெறாமல் புறப்படுவதை அம்மாணவர்கள் பெருந்துயரமாகக் கருதுகிறார்கள்.

1996-இல் நடந்ததைக் கேளுங்கள். முந்தின இரண்டு ஆண்டுகளும் வென்ற யமனாஷி காக்குயின் பல்கலைக் கழகமும், கனகாவா பல்கலைக் கழகமும் ஒரே நான்காம் பங்கில், கால் காயத்தால் ஓட்டத்தைக் கைவிட நேர்ந்தது. ஒருவன் நின்றான், அணிக்கு இறுதி இடமே இல்லாமல் போயிற்று. ஆனால், கதை அங்கே முடியவில்லை. மறு ஆண்டு தகுதிப் போட்டியிலிருந்து புதிதாகத் தொடங்கிய கனகாவா, 1997-இல் வெற்றி வாகை சூடியது, 1998-இலும் சூடியது. தளர்ச்சி இழிவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இன்னொன்று. பத்துப் பேர் ஓடும் அணிக்குப் பதினாறு பேரைப் பதிவு செய்கிறார்கள். ஓட்டத்தன்று காலையிலும் ஆளை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். மனிதக் கால் தளரும் என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது. நம் அணிகளிலோ ஐவருக்கு ஐவரே. ஆறாவது ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் உண்மை சொல்வது எப்படி?

“ஒவ்வொருவனும் களைப்பென்று சொன்னால் ஓடுவது யார்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. களைத்தவன் ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. களைப்பை மறைத்து ஓடக் கூடாது என்கிறேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் தலைவர் என்னை ஏற்றம் குறைந்த பங்குக்கு மாற்றியிருப்பார். மெல்லத் தொடங்கு, குறுகிய அடி வை, செங்குத்தில் நட என்று எவரேனும் அறிவுரை கூறியிருப்பார். அடுத்தவனும் நான் தாமதமாக வருவேன் என்று அறிந்து பதறாமல் ஓடியிருப்பான். அறிந்த களைப்புக்கு வழி உண்டு. மறைத்த களைப்புக்கு இல்லை.

ஆகவே, நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். அணிதோறும் இரண்டு மாற்றாட்கள் இருக்கட்டும். முந்தின இரவு தலைவர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்கட்டும்; பத்துப் பேர் நடுவில் கேட்டால் வீம்புதான் பதில் சொல்லும். யார் எந்தப் பங்கு என்பதைக் காலையில் முடிவு செய்யட்டும்.

இது ஓட்டத்துக்கு மட்டுமா? வீட்டுக்குப் பேசும்போது “நலம், நன்றாகப் படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தேர்வுப் பயத்தோடு விளக்கணைத்துப் படுக்கும் நண்பர்கள் நம் விடுதியில் இல்லையா? ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்திருக்கும் நமக்கு, “கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்க நம்மைத் தவிர யார் உண்டு? கேட்பவர் கேட்கட்டும். கேட்கப்படுபவர், என்னைப்போல் அல்லாமல், உண்மையைச் சொல்லட்டும்.

இவ்வாண்டும் நான் பெயர் கொடுத்திருக்கிறேன். கால் நன்றாக இருந்தால் ஓடுவேன்; இல்லையென்றால் துண்டோடு வருபவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன்.