இன்னும் நாலு பேர் ஏறலாமா?

"வாங்க அண்ணாச்சி, இன்னும் நாலு பேரு ஏறலாம்! பிள்ளையை மடியில வச்சிக்கிடுங்க!"

டவுன் பஸ்ஸில் இந்தக் குரலைக் கேட்டால் சட்டை கசங்கும், கால் மிதிபடும், அவ்வளவுதான். படகுத்துறையில் கேட்டால் உயிருக்கே ஆபத்து.

நெல்லைக்காரர்களுக்குப் படகு புதுசு அல்ல. காரையார் அணையில் படகேறிப் போய் பாணதீர்த்தம் பார்த்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வீடுகளில் சிக்கித் தவித்த ஜனங்களை மீட்கவும் படகுதான் வந்தது.

ஆனால் படகின் அளவு எத்தனை பேருக்குத் தெரியும்?

2017 பிப்ரவரி 26. திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டில் உல்லாசமாகக் கடலைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களில் 10 பேர் பிணமானார்கள். அவர்கள் ஏறியது மீன் பிடிக்கிற படகு. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் பலி. 75 பேருக்கான படகில் அதற்கு மேல் ஆட்கள். 2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில் 22 பேர் ஏற வேண்டிய படகில் 35 பேருக்கு மேல் ஏற்றினார்கள். செத்தவர்கள் 22 பேர்.

"நாங்க கணக்குப்படிதான் ஏத்துறோம்" என்று படகுக்காரர் சொல்லலாம். அந்தக் கணக்கே தப்பாக இருந்தால்?

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. 2004 மார்ச் 6-ந் தேதி பால்டிமோர் துறைமுகத்தில் மிதவைப் படகு ஒன்று திடீர்க் காற்றில் கவிழ்ந்து 5 பேர் மாண்டார்கள். அனுமதித்தது 25 பேர், ஏறியதும் 25 பேர். ஒரு ஆள் கூடுதல் இல்லை! விசாரணையில்தான் விஷயம் வெளிவந்தது. ஆளுக்கு 63 கிலோ என்ற பழைய கணக்கில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அன்று ஏறியவர்களின் சராசரி எடையோ 76 கிலோ. மொத்தத்தில் 300 கிலோவுக்கு மேல் பாரம். அதாவது, கண்ணுக்குத் தெரியாத நாலு பேர் அந்தப் படகில் ஏறியிருந்தார்கள்! 2011-ல் அந்த நாட்டு அரசு கணக்கை ஆளுக்கு 84 கிலோ என்று உயர்த்தியது.

இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளமுள்ள தட்டையான படகில் 100 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். பத்துப் பேர் ஏறினால் ஆறேழு சென்டிமீட்டர். பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் அத்தனை பேரும் "அந்தா பாரு மான்!" என்று ஒரே பக்கம் எழுந்து நின்றால், அந்தப் பக்கம் மட்டும் சாயும். விளிம்பு தாண்டித் தண்ணீர் புகுந்துவிட்டால் அப்புறம் சமாளிக்க நேரம் ஏது? பாதிப் பாரத்தில்கூட இந்த ஆபத்து உண்டு.

லாரிக்கு எடை மேடை இருக்கிறது. பஸ்ஸில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதியிருக்கிறது. படகிலும் ஆள் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. கிலோவையும் கொட்டை எழுத்தில், தமிழில் எழுத வேண்டும். தண்ணீர் இதற்கு மேல் வரக் கூடாது என்று வெளிப்பக்கம் ஒரு சிவப்புக் கோடு வேண்டும். ஆள் எண்ணுகிறவர் டிக்கெட் காசில் பங்கு இல்லாதவராக இருக்க வேண்டும். மிதவைச் சட்டை மாட்டாமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. "வேர்க்குது" என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் ஆசாமிகளை இறக்கிவிடலாம், தப்பில்லை.

இயந்திரப் படகுகளுக்குச் சோதனையும் பதிவும் வேண்டும் என்று 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. தானூர் விபத்து அதற்குப் பிறகு நடந்ததுதான். சட்டப் புத்தகம் படகுத்துறைக்கு வந்து ஆள் எண்ணாது.

சாரல் விழுந்துவிட்டால் குற்றாலம் வெண்ணமடைக்குளத்தில் படகுக்குக் கூட்டம் நெரியும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி கலெக்டர்கள் சீசனுக்கு முன்பே தங்கள் எல்லையில் ஆள் ஏற்றும் ஒவ்வொரு படகையும் சோதிக்க உத்தரவிட வேண்டும். செலவு அதிகம் இல்லை. ஆளுக்கு 80 கிலோ என்று மணல் மூட்டைகளை அடுக்கி, சிவப்புக் கோடு முங்குகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடலாம். பிறகு பாதி மூட்டைகளை ஒரே பக்கம் நகர்த்தி, இன்னொரு தடவை பார்க்கட்டும்.