ரெண்டு தோணியில் கால்!

பி.காம். படித்தவனிடம் இந்த உலகம் மூன்றே மூன்று கேள்விகளைத்தான் கேட்கும். வருமான வரியை எப்படிக் குறைக்கலாம், எந்தச் சீட்டில் சேரலாம், பேங்க்கில் தெரிந்தவர் யாராவது உண்டா. போன மாதம் நாலாவதாக ஒன்று வந்தது. அமெரிக்காவில், மின்னசோட்டாவில் வேலை பார்க்கும் நண்பன் ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டான்.

"டேய், மீன் பிடிக்க அலுமினியப் படகு வாங்கப் போறேன். செகண்ட்ஹாண்ட்ல ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். எது லாபம்னு சொல்லு!"

அவனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும்தான். யோசனை கேட்கவும் சொல்லவும் இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையுமா, சார்?

அந்த ஊரில் படகு ஒன்றும் ஜமீன்தார் சமாசாரமில்லை. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளே அங்கே 11,842! அலுமினியம் எதற்கு என்றால், எடை. இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானம் செய்த க்ரம்மன் கம்பெனி, 1945-ல் இதே உலோகத்தில் துடுப்புப் படகு செய்ய இறங்கியது. குண்டு போட்ட கை, தூண்டில் போட ஆரம்பித்தது!

நண்பன் பார்த்த முதல் படகு 12 அடி நீளம், தட்டை அடி, 1,200 டாலர். 'ஜான் போட்' என்பார்கள். இன்னொன்று 14 அடி, அடிப்பாகம் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி, 2,000 டாலர்.

"எண்ணூறு டாலர் மிச்சம்டா! தட்டையே எடுத்துடறேன். ஏறி நின்னா ஆடவே இல்ல."

உண்மைதான். தட்டைப் படகு அமைதியான தண்ணீரில் அசையாமல் நிற்கும். முழங்கால் ஆழத்திலும், கோரைப் புல்லுக்குள்ளும் நுழையும். ஆனால், காற்றடித்து அலை எழும்பினால் ஒவ்வொரு அலையும் அடியில் 'படார் படார்' என்று அறையும். விளிம்பு தாழ்வு என்பதால் தண்ணீர் உள்ளே வரும். 'வி' படகு நின்றால் கொஞ்சம் ஆடும். ஓடும்போது அலையைக் கிழித்துக்கொண்டு போகும்.

"எந்த ஏரிக்குப் போவே?" என்றேன்.

"மில் லாக்ஸ்! அங்கேதான் மீன் ஜாஸ்தி."

மில் லாக்ஸ் ஏரியின் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழம் என்னவோ 42 அடிதான். இவ்வளவு அகலமும் இவ்வளவு குறைந்த ஆழமும் சேர்ந்தால், காற்று கிளம்பியதும் சீக்கிரமே அலை பெருத்துவிடும்.

"படகுல ஒரு தகடு அடிச்சிருக்கும். அதைப் படி" என்றேன். 1972 நவம்பரிலிருந்து அங்கே 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைசக்தி என்று தகடு இருக்க வேண்டும்.

தட்டைப் படகில் மூன்று பேர் அல்லது 400 பவுண்டு. அதாவது 181 கிலோ. நண்பன் 88, அவன் சம்சாரம் 66, ஏழு வயசுப் பையன் 27. கூட்டினேன். 181!

"டாலி ஆயிடுச்சுடா!" என்று குதித்தான்.

ஆபீசில் ட்ரையல் பாலன்ஸ் டாலியானால் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கலாம். படகில் டாலியானால் பயப்பட வேண்டும். அந்தத் தகடு நல்ல வானிலைக்கு எழுதிய கணக்கு. அலைக்கு அதில் பத்தி கிடையாது. எண்ணூறு டாலர் மிச்சத்தை எந்தப் பக்கம் வரவு வைப்பது, பையன் பக்கமா?

"முதல்ல தண்ணியை முடிவு பண்ணு, அப்புறம் படகை. சின்ன ஏரி, கரையோரம்னா தட்டை போதும். மில் லாக்ஸ்னா 'வி'. அதுவும் காத்து அடிக்கிற அன்னிக்கு வீட்ல இரு."

இன்னொன்றும் சொன்னேன். பழைய படகில் ரிவெட் தளர்ந்திருக்கலாம். ட்ரெய்லரில் இருக்கும்போதே உள்ளே தண்ணீர் ஊற்றி, கீழே எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நம் அம்மாக்கள் பாத்திரக் கடையில் குடத்துக்குச் செய்யும் அதே பரீட்சை!

'வி' படகே வந்தது. சொட்டவில்லை. மின்னசோட்டாவில் பத்து வயசுக்குக் கீழே உள்ளவர்கள் ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். நண்பனின் சம்சாரத்துக்குப் போதவில்லை. அவனுக்கும் மாட்டிவிட்டுத்தான் ஏற விட்டாராம்.

மூன்று ஞாயிறு போய் வந்தாயிற்று. இதுவரை மாட்டியது ஜாக்கெட் மட்டும்தான். மீன் இன்னும் மாட்டவில்லை!