மீன்பிடி கயாக்: முதலில் வாங்க வேண்டியது ராட் ஹோல்டர் அல்ல! தாமிரபரணி சொல்லும் பாடம்

கயாக்கில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரே வீச்சில் விரால் தூக்கும் ரீல்ஸ் இப்போது எல்லார் போனிலும் ஓடுகிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் ஐ.டி. வேலை பார்க்கும் நெல்லைக்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வரும். 'நம்ம முக்கூடல் ஆத்துல இதை இறக்கினா எப்படி இருக்கும்?' என்ற ஆசையும் கூடவே வரும்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் வாங்கும் வரிசையில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். படகு, ராட் ஹோல்டர், மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர், போன் ஸ்டாண்டு எல்லாம் வாங்கிய பிறகு, பணம் மிச்சமிருந்தால் லைஃப் ஜாக்கெட். தாமிரபரணியைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

'சிட்-ஆன்-டாப்' என்றால் என்ன?

கயாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உடலின் பாதி உள்ளே போகும்படி உட்காருவது. மற்றொன்று, மூடிய மிதவையின் மேலே உட்காருவது. இதுதான் சிட்-ஆன்-டாப். மேலே விழும் தண்ணீர், படகின் குறுக்கே உள்ள 'ஸ்கப்பர்' எனும் வடிகால் துளைகள் வழியே ஆற்றுக்கே திரும்பிவிடும். கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் நிரம்பாது. புரட்டிப் போட்டு மறுபடி ஏறலாம்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. நம் கடற்கரையின் கட்டுமரமும் இதே தத்துவம்தான். மரங்களைக் கயிற்றால் கட்டி, மேலே உட்கார்ந்தோ முட்டி போட்டோ துடுப்பு போடுவார்கள். அலை ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். கட்டுமரத்தில் தேவையில்லாத சாமான் எதுவும் இருக்காது. இன்றைய கயாக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமும் அதுதான்.

படகை எப்படி எடை போடுவது?

மீன்பிடிக்க 10 முதல் 12 அடி நீளம், 30 முதல் 34 அங்குல அகலம் உள்ள பாலிஎத்திலீன் கயாக் வசதியானது. அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். கோடையில் பாறை தலைகாட்டும் தாமிரபரணியில் உரசினாலும் இந்த பிளாஸ்டிக் தாங்கும்.

ஸ்டிக்கரில் '150 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதாவது 100 கிலோ. 75 கிலோ ஆள் ஏறினால் சாமானுக்கு மிஞ்சுவது 25 கிலோ. ஐஸ் பெட்டி, பேட்டரி, நங்கூரம் என்று சேர்த்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். படகு தாழ்ந்தால் ஸ்கப்பர் துளை வழியே தண்ணீர் வெளியே போகாது, மேலே வரும்.

படகின் எடையையும் பார்க்க வேண்டும். 30 கிலோ என்பது கடையில் சின்ன எண்ணாகத்தான் தெரியும். லோடு ஆட்டோவிலிருந்து இறக்கி, படித்துறை வழியே தூக்கிப்போய், திரும்பவும் மேலே ஏற்றும்போது இடுப்பு அதன் அர்த்தத்தைச் சொல்லும்.

உண்மையான சோதனை: விழுந்து பாருங்கள்

ஆழம் குறைவான, ஓட்டமில்லாத இடத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ வேண்டும். படகைப் புரட்டி, நடுப்பகுதியைக் குறுக்கே பிடித்து, காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, முதலில் வயிற்றால் படகின் மேல் படுக்க வேண்டும். பிறகு திரும்பி உட்கார வேண்டும். கால்கள் கடைசியில்தான் உள்ளே வரும்.

வெறும் படகில் இது வந்துவிட்டால், எல்லா சாமானையும் மாட்டி மறுபடி செய்ய வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ராட் ஹோல்டர் நெஞ்சில் குத்தும். தூண்டில் நரம்பும் சாமான் கட்டிய கயிறும் காலைச் சுற்றும். ஆகவே ராட் ஹோல்டர்களை இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு பக்கத்தின் நடுப்பகுதியை முழுக்கக் காலியாக விட வேண்டும். சாமான் பொருத்திய பிறகு ஏற முடியவில்லை என்றால், அந்தப் பொருத்தம் தவறு. ரீல்ஸில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி.

உயரமான சேர் பார்வைக்கு நல்லது, ஆனால் உடல் எடையை மேலே தூக்கி ஆட்டத்தைக் கூட்டும். ஓடும் தண்ணீரில் தாழ்ந்த இருக்கையே நல்லது. ஹோல்டர் மாட்ட படகில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் கசிவுக்கு ஒரு வழி. சரியாக அடைத்து, ஒவ்வொரு முறை கரையேறியதும் வடிகால் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெல்லை வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும், நிழலில் வைப்பது அவசியம்.

ஆறு போடும் கண்டிஷன்

தாமிரபரணியின் குறுக்கே 8 பழைய அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் இந்த வரிசையில், முக்கூடல் வட்டாரத்துக்கு அருகில் இருப்பது அரியநாயகிபுரம். விவசாயத்துக்கு இவை உயிர். கயாக்கில் போகிறவருக்கு இவைதான் பெரிய ஆபத்து.

காரணம் எளிது. சுவரைத் தாண்டி விழும் தண்ணீர், அடியில் சுழன்று மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் சிக்கிய படகையும் ஆளையும் அது வெளியே விடாது. இதுபோன்ற தாழ்ந்த அணைகளை வெளிநாட்டு மீட்புப் படையினர் 'மூழ்கடிக்கும் எந்திரம்' என்றே அழைக்கிறார்கள். மேலிருந்து வருபவருக்கோ அது அமைதியான ஒரு நீர்க்கோடாக மட்டுமே தெரியும். அணைக்கட்டுக்கு வெகு முன்பே கரை ஏறி, படகைத் தூக்கிச் சுற்றிப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும். ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளே இதற்குச் சாட்சி. ஆறும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓடுகிறது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும். போகும்போது 'சூப்பர் ஸ்பீடு' என்று தோன்றும், திரும்பும்போது கை ஓய்ந்துவிடும். அதனால் முதலில் மேற்கே, எதிர்த்துத் துடுப்பு போட்டுப் போய்விட்டு, களைப்போடு மிதந்து வீடு திரும்புவதே புத்திசாலித்தனம்.

ஓடும் ஆற்றில் நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டவே கூடாது. படகு குறுக்கே திரும்பி, ஓட்டம் அதைக் கவிழ்த்துவிடும். முனையில்தான் கட்ட வேண்டும், அதையும் ஒரே இழுப்பில் அவிழும்படி. கயிறு அறுக்க ஒரு கத்தி லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். வேகமான ஓட்டத்தில் நங்கூரமே வேண்டாம்.

நீர்வரத்தையும் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் தண்ணீர் இந்த ஆற்றில்தான் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு என்ன செய்தது என்பதை நெல்லை மறக்காது. கடலோர மீனவர்கள் படகோடு வந்து ஊருக்குள் சிக்கியவர்களை மீட்க வேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஆறு கயாக்குக்கான இடம் அல்ல.

எங்கே போகக் கூடாது?

மேலே, களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மீன்பிடிப்பு என்ற பேச்சே கிடையாது. பக்கத்தில் திருப்புடைமருதூர், 2005-ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் காப்பிடம். கூடு கட்டும் மரங்களுக்கு அடியில் போய்ப் படம் எடுப்பது பறவைக்கும் நல்லதல்ல. பழக நினைப்பவர்களுக்குக் குளமே சிறந்த இடம். ஆனால் பல குளங்களில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அந்த மீன் இன்னொருவரின் பிழைப்பு. கேட்காமல் இறங்குவது பொழுதுபோக்கு அல்ல.

சரி, எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் மிதவைத் திறன், தெரியாதவருக்கு 100. அடுத்து துடுப்பும் அதைப் படகோடு இணைக்கும் கயிறும், விசில், கத்தி, போனுக்குத் தண்ணீர் புகாத பை. பிறகு, விழுந்து ஏறிப் பார்த்த படகு. ராட் ஹோல்டர் அதற்கப்புறம். ஃபிஷ் ஃபைண்டர் கடைசி. அதற்குப் பதில் கரையில் வீச்சு வலை போடும் அண்ணாச்சியிடம் கேட்டால், எந்த மடுவில் கெளுத்தி கிடக்கும், எங்கே சுழல் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

அரசுக்கும் ஒரு வேலை உண்டு. கயாக் இனி கடலோர ரிசார்ட்டுகளோடு நிற்கப் போவதில்லை, ஆறுகளுக்கும் வரும். ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் மேல்பக்கத்தில், தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரியும்படி எச்சரிக்கைப் பலகையும் குறுக்கே மிதவைக் கயிறும் வேண்டும். கயாக்குக்கு மட்டுமல்ல, லாரி ட்யூபில் உட்கார்ந்து மீன்பிடிக்கும் உள்ளூர்க்காரருக்கும், குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.