தண்ணீருக்குப் பத்திரம் தெரியாது



"சார், அப்ரூவ்டு மனை, வாங்கலாமா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறீர்கள். பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் பார்த்துவிடுகிறீர்கள். அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் பார்க்க வேண்டும் என்பது இந்தப் புவியியல் வாத்தியாரின் கருத்து.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. 2008-இல் அந்தப் படங்களை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் அவற்றில் பதிவாகிறது. பயிரும் மரமும் ஒரு வகை அகச்சிவப்பை அதிகம் திருப்பி அனுப்பும். கான்கிரீட் இன்னொரு வகையை. தண்ணீர் இரண்டையுமே விழுங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கட்டடம், எது வயல், எது நீர் என்று கணினி பிரிக்கிறது.

ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 4 கிரவுண்டு. அதற்குள் வீடு, புளியமரம், கிணறு எல்லாம் இருந்தாலும் ஒரே நிறம்தான். அதைவிட முக்கியம், காய்ந்த வெற்று மண்ணும் ஏறக்குறைய கான்கிரீட் போலவே ஒளியைத் திருப்பும். மே மாதப் படத்தில் வறண்ட ஏரி கட்டடப் பகுதியாகக் கணக்கில் ஏறிவிடலாம். "இது ஏற்கெனவே கட்டடமான இடம்தானே" என்று யாராவது சொன்னால், பதில் சொல்ல ஏரிக்கு வாயில்லை.

மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். ஆகவே ஜனவரிப் படத்தைத் தேடுங்கள். வானமும் தெளிந்திருக்கும், ஏரியில் தண்ணீரும் இருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிக் கட்டடங்கள் எப்படி நெருங்கின என்பதைக் கூகுள் எர்த்தில் ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் போனாலே பார்க்கலாம். 2015 டிசம்பர் வெள்ளம் நமக்குச் சொன்னதும் அதுதான். தண்ணீருக்குப் பத்திரம் தெரியாது, பள்ளம்தான் தெரியும்.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும் மனுவோடு முப்பது ஆண்டு ஜனவரிப் படங்களை இணைக்க வேண்டும், அதிகாரி நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று விதி வர வேண்டும். அதுவரை முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் சர்வே எண்ணை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.