ஏழு நாள் தொண்டும் நிலைத்த தொழிலறிவும்

கலாசாலை மாணவர்கள் கிராமத்துக்கு வந்து ஏழு நாள் தங்கித் தொண்டு புரிவது பல ஊர்களுக்கும் பழகிய காட்சியே. தெரு கூட்டப்படுகிறது; சுவருக்கு வெள்ளை பூசப்படுகிறது; எட்டாம் நாள் மாணவர்கள் விடைபெறுகின்றனர். "இதனால் ஊருக்கு நிலைத்த பலன் என்ன? பிள்ளைகள் கற்றுச் சென்றதுதான் என்ன?" என்று விவசாயிகள் வினவுவது நியாயமே. குறை திட்டத்தில் இல்லை. அதை நடத்துவோர் முன்கூட்டிக் கலந்து ஏற்பாடு செய்யாமையிலேயே இருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-ஆம் வருஷத்தில், செப்டம்பர் 24-ந் தேதி, 37 சர்வகலாசாலைகளில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பெற்றது. இதில் சேர்ந்த மாணவன் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் உண்டு. இவ்வளவு காலத்தில் ஒரு தொழிலின் அடிப்படையைச் செவ்வனே கற்கலாம்.

மண் மாதிரி எடுப்பதையே உதாரணமாகக் கொள்ளலாம். அறுவடையான நிலத்தில் மேற்சருகை நீக்கி, நெற்பயிருக்கானால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவமாகக் குழி வெட்டி, அதன் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் செதுக்க வேண்டும். இவ்வாறு பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிரான இரு பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைக்க வேண்டும். வரப்போரத்திலும், மரநிழலிலும், எருக்குவித்த இடத்திலும் எடுத்தால் முடிவு பிழைபடும். அதை நம்பி உரமிடுகிறவருக்கே நஷ்டம். ஆகையால் அனுபவமுள்ள விவசாயி ஒருவர் உடனிருந்து காட்டுவது அவசியம். அவ்வாறே, நூறு நெல்விதைகளை ஈரச்சாக்கில் முளைக்கவைத்து எண்ணிப் பார்ப்பதும் கற்பிக்கத்தக்கது. சான்று பெற்ற நெல்விதைக்குக் குறைந்தது 80 சதம் முளைப்பு வேண்டுமென்பது விதி.

இக்கூட்டு முயற்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. முகாமுக்கு முன்பே ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அதிகாரியும் எந்தெந்த நிலத்தில் வேலை என்பதை நிச்சயித்து, நிலக்காரரின் சம்மதம் பெற வேண்டும். இலாகாவினர் செய்முறை காட்ட வேண்டும். வேளாண்மை அறிவியல் நிலையங்களையும் துணைக்கு அழைக்கலாம். இவற்றுள் முதலாவது 1974-ல் புதுச்சேரியில், கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நிறுவப்பெற்றது. கலாசாலையோ, "தொண்டு செய்தான்" என்று பொதுவாக எழுதாமல், மாணவன் எத்தனை மாதிரி எடுத்தான், எதைத் தானே செய்ய வல்லவன் என்பதைச் சான்றிதழில் குறிக்க வேண்டும். விதைக் கடைக்காரரும், நாற்றுப் பண்ணைக்காரரும், மண் பரிசோதனைச் சாலையாரும் வேலைக்கு ஆள் எடுக்கையில் அறிய விரும்புவது அதுவே. தகப்பனார் நிலத்துக்கே திரும்புகிறவனுக்கும் அவ்வறிவு வீண்போகாது.

நிலக்காரர்களின் கடமையே எல்லாவற்றிலும் பெரிது. கூலியில்லாத ஆட்கள் கிடைத்தார்களென்று மாணவரைக் களை பறிக்கவும் கட்டுச் சுமக்கவும் ஏவுவது தொண்டாகாது. அதனால் மாணவனுக்குத் தொழிலறிவு வாராது. கூலியை நம்பிய ஏழைக்கோ அன்றைய பிழைப்பும் போய்விடும். கூலியாள் செய்யும் வேலை கூலியாளுக்கே உரியது. மாணவனுக்கு உரியது கற்றுக்கொண்டு செய்யும் வேலை. அதைக் கற்பிப்பதே ஊரார் அவனுக்குச் செய்யும் கைம்மாறு.

பிள்ளைகள் படித்தும் வேலையின்றி இருக்கிறார்களென்று வருந்தாத பெற்றோர் இல்லை. அடுத்த முகாம் வருமுன் ஊரார் ஒருநாள் கூடி, நான்கு நிலங்களையும், கற்பிக்க வல்ல நான்கு விவசாயிகளையும் குறித்து வைப்பார்களாயின், அவ்வருத்தத்தில் ஒரு பங்கேனும் குறையும். ஊர் மண்ணின் தன்மையும் ஊராருக்கு விளங்கும்.